கிழித்த கழுதைகள் நானூற்றுப் பன்னிரண்டு

என் மகளுக்கு ஆறு வயது நடந்தபோது கொப்பளிப்பான் போட்டது. முதல் நாள் ஏழு கொப்பளம். மறுநாள் காலை அறுபத்து மூன்று. அன்று பின்னேரமும் எண்ணப்போன என்னை மனைவி தடுத்தாள். எண்ண எண்ணக் கூடும் என்பது அவள் நம்பிக்கை. அதன்பிறகு முகத்தில் இருந்தவற்றை மட்டும், தள்ளி நின்று, எண்ணினேன். முப்பத்தெட்டு.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது. நான் மன்னாரில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அரசாங்க ஆஸ்பத்திரி அப்போதிக்கரி வந்தார், உள்ளே வராமல் படலையடியில் நின்று பிள்ளையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். வைசூரி இல்லை, கொப்பளிப்பான்தான், உயிருக்குப் பயமில்லை என்றார். அந்த ஆறுதல் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. "ஆனால் சொறியவிடாதீங்கோ. பொம்பிளைப் பிள்ளை. சொறிஞ்சால் முகம் முழுக்கக் குழிதான். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கோ" என்றார். பதினைந்து நாளைக்கு யாரும் வெளியே போகக்கூடாது. நானும் கந்தோருக்குப் போகக்கூடாது.

அன்று மத்தியானமே மனைவியின் ஊரான கீரியிலிருந்து மாமி வேப்பிலையும் கட்டளையும் அனுப்பியிருந்தார். வேப்பிலை ஒரு சாக்கு, கட்டளை நான்கு. தாளிக்கக்கூடாது. விருந்தாள் வரக்கூடாது. அம்பு தைத்த அர்ச்சியசிஷ்டவரின் படத்துக்கு முன் விளக்கு அணையக்கூடாது. தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை வீட்டில் இரும்பு விளிம்பு எதையும் வெட்டக்கூடாது: மயிர், நகம், துணி, மரக்கறி, எதையும். நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். இந்தக் கட்டளைகள் எந்த ஞானோபதேசத்திலும் இல்லை. கீரியில் அதை மாமியிடம் கேட்கத் துணிந்தவர் ஒருவரும் இல்லை. மாமி தன் பிள்ளைகளில் ஒன்றை இதே நோயில் பறிகொடுத்தவர். அதற்கு முதல்நாள் யாரோ அந்தப் பிள்ளையின் நகத்தை வெட்டியிருந்தார்களாம்.

நான் இங்கிலிஷில் சோதனை பாஸ் பண்ணியவன். அப்போதிக்கரி சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியும். கத்தரிக்கோலை அலுமாரியிலிருந்து மூன்று தரம் எடுத்தேன், மூன்று தரமும் திருப்பி வைத்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் சற்றுக் கூடினாலும் காரணம் என் கத்தரிக்கோலாகத்தான் இருக்கும் என்று பட்டது. ஆறு வயதுப் பிள்ளையின் விரல்களில் பத்து நகமும் வளர்ந்துகொண்டிருந்தன.

நாலாம் நாள் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய வேட்டியைக் கிழித்து அவள் இரண்டு கையையும் மணிக்கட்டுவரை பொட்டலம்போலக் கட்டினேன். பிள்ளை அழவில்லை; பொட்டலங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அரை மணித்தியாலத்தில் அந்தப் பொட்டலத்தாலேயே இடது புருவத்தை வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தாள். இரண்டு கொப்பளம் உடைந்து இரத்தம் வந்தது.

மனைவி வந்து பார்த்தாள். என்னைத் திட்டவில்லை. கட்டை அவிழ்த்தபடி சொன்னாள்:

"இஞ்சருங்கோ, சும்மா இருக்கிற கைதான் முகத்துக்குப் போகும். கட்டினாலும் அது சும்மா இருக்கிற கைதானே."

தேயிலை சுற்றி வந்த கடதாசி ஒன்றை எடுத்துக்கொண்டு பாயில் அமர்ந்தாள். என் மனைவி அதிகம் படித்தவள் அல்ல. ஆனால் அவள் அன்று தொடங்கிய வேலையை ஒரு பெரிய எஞ்சினியர் பாலம் கட்டுவதைப் பார்ப்பதுபோல் நான் பத்து நாள் பார்த்தேன்.

கத்தரிக்கோல் கூடாது, ஆகவே எல்லாம் மடிப்பும் கிழிப்பும்தான். கடதாசியை மடித்து, மடித்த இடத்தைப் பிள்ளையை அவள் நகத்தாலேயே அழுத்தச் சொன்னாள். ஒரு தரம் போக, ஒரு தரம் வர. பிறகு விரலைத் தண்ணீரில் நனைத்து அந்தக் கோட்டில் ஓட்டினால், கத்தி போட்டதுபோல நேராகக் கிழியும். வளர்ந்த நகம் நல்லாய் அழுத்தும் என்று பிள்ளையே கண்டுபிடித்தாள். நான் பயந்துகொண்டிருந்த அதே நகம். ஒட்டுவதற்குப் பசை, அவள் குடித்து மிச்சம்விட்ட கஞ்சி.

முதல் நாள் தொப்பி, வள்ளம், குந்தி எழும்பும் தவளை. சுற்றிச் சுற்றிக் கிழித்து ஒரு பாம்பு செய்து நூலில் கட்டிக் கூரை வளையில் தொங்கவிட்டாள். சோழகக் காற்று நுழைந்தபோது அது தானாகச் சுழன்றது. பிள்ளை மல்லாந்து கிடந்து அதைப் பார்த்தபடி இருபது நிமிடம் முகத்தில் கை வைக்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் வள்ளமும் தொப்பியும் சீக்கிரம் சலித்தன. அடுத்த நாள் காலை தெருவில் கழுதை கத்தியது. மனைவி ஒரு துண்டை இரண்டாக மடித்தாள். மடிப்பு முதுகு, கீழே நடுவைக் கிழித்தெடுத்தால் நாலு கால், ஒரு பக்கம் தலை, இரண்டு காது. கீழே வைத்தாள், நின்றது. கையால் கிழித்ததால் ஓரமெல்லாம் பிசிறு பிசிறாக இருந்தது. எங்கள் ஊர்க் கழுதையின் மயிர் அப்படியே. பிள்ளை ஐந்து நாளில் முதல் தரம் சிரித்தாள்.

"அம்மா, இது மீன்காரற்ற கழுதை."

"ஓம், பார், வயிறு ஒட்டிக்கிடக்கு."

அப்போதுதான் மனைவி அந்தச் சட்டத்தைப் போட்டாள். அவள் வலை பின்னும் வீட்டில் வளர்ந்தவள். கீரிக் கடற்கரையில் கொசு கடிக்கும்போது வலை பின்னும் பெண்கள் கையை எடுத்துச் சொறிந்தால் கண்ணி குலைந்துவிடும். ஆகவே கடித்த உடனே சொறியாமல் இன்னொரு முடிச்சுப் போடுவார்கள், முடிச்சு விழும்போது கடி ஆறிவிடும். எங்கள் பேச்சில் அரிப்பும் கடிதான்; அந்த வழியையே பிள்ளைக்கும் சொன்னாள்: "கடிச்சால் ஒரு கழுதை கிழி. முகத்தைத் தொடாமல் கிழிச்சால்தான் கணக்கு. அப்பா எண்ணுவார்."

பதினைந்து நாளைக்குக் கந்தோரை இழந்து, எண்ண ஒன்றுமில்லாமல், மனைவியின் காலுக்குள் திரிந்துகொண்டிருந்த எனக்கு உத்தியோகம் கிடைத்தது. கதிரையைப் பாயருகே இழுத்துப் போட்டேன். முதல் நாள் இருபத்து மூன்று கழுதை. அதாவது இருபத்து மூன்று தரம் கை முகத்துக்குப் போக நினைத்துப் போகாமல் விட்டது. ஒன்றுக்கு மூன்று கால்தான் வந்தது. அதைச் சேர்க்கமாட்டேன் என்றேன்.

"அது நொண்டிக் கழுதை" என்றாள் மகள். "எனக்குக் கடிச்சது முழுசாத்தானே கடிச்சது."

சேர்த்தேன்.

ஒரு கழுதைக்கு அரைத்தாள் என்று வைத்தாலும் வீட்டுக் கடதாசி இரண்டு நாளில் முடிந்தது. பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணனை நாங்கள் நானா என்போம்; அவருக்குப் பலசரக்குக் கடை. வேலியடியில் நின்று கூப்பிட்டேன். நானா இருபது அடி தள்ளி நின்றார்.

"என்ன கிளாக்கர், புள்ளைக்கு எப்படி?"

"இருக்கிறா நானா. கொஞ்சம் கடதாசி வேணும். சாமான் சுத்துற கடதாசி எண்டாலும் காணும்."

"வீட்டுக்குள்ள இருந்தும் கந்தோர் வேலையோ?"

"இல்லை. கழுதை செய்ய."

நானா என்னை ஒரு கணம் பார்த்தார். "பாவம், காய்ச்சல் உங்களுக்கும் ஏறிட்டுது போல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் பின்னேரம் ஒரு கட்டுக் கடதாசி வேலிக்கு மேலால் பறந்து வந்து விழுந்தது. எழுபத்தாறு தாள். பாதி, கந்தோரிலிருந்து கழிவுத்தாளாக அவர் கடைக்குப் போன பழைய படிவங்கள். மேலே ராசாவின் முடி அச்சடித்தவை. அடுத்த நாள் முடியை முதுகில் சுமந்த கழுதைகள் திண்ணையில் வரிசையாக நின்றன. அரசாங்கத்தின் முடியைக் கழுதையில் ஏற்றியது குற்றமா, எந்தப் பிரிவின் கீழ் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நானா தள்ளி நின்றபடியே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கவலைப்படாதீங்க கிளாக்கர், ராசாவுக்கும் இந்த ஊருல வேற வாகனம் இல்ல" என்றார்.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. பொருக்குக் காயத் தொடங்கியிருந்தது. கடி அப்போதுதான் மோசம். அப்போதிக்கரி முதலே சொன்னார், பொருக்கைப் பிய்த்தால் குழி நிச்சயம் என்று. காலையிலிருந்து சோழகம் மணலை வாரி அடித்தது. மத்தியானத்துக்கு முன்னமே நாற்பத்தாறு கழுதை ஆகிவிட்டது. கடதாசி முடிந்தது. நானா கடையைப் பூட்டிக்கொண்டு ஜும்மாவுக்குப் போயிருந்தார். கலண்டரைக் கிழித்தோம்; அதில் ஆறு. சீனி சுற்றிய தாளில் இரண்டு. பிறகு ஒன்றுமில்லை.

"அம்மா, கடிக்குது" என்றாள். மூக்கின் நுனியில் இருந்ததுதான் பெரியது. அவள் தன் இரண்டு கையையும் தானே தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தாள். கண்ணீர் அந்தப் பொருக்குகளின் மேலால் ஓடியது. மனைவி விசிறினாள், கதை சொன்னாள், வேப்பிலையால் தடவினாள். ஒரு கை தொடைக்குக் கீழிருந்து மெல்ல வெளியே வந்ததை நான் பார்த்தேன்.

என்னிடம் ஒரு கொப்பி இருந்தது. பதினொரு வருடம் எழுதியது. எந்த நாள் எந்தக் காற்று, தலைமன்னார் ரயில் எத்தனை நிமிடம் பிந்தியது, மழை எத்தனை நாள், எங்கள் முருங்கை எத்தனை காய். யாருக்கும் பிரயோசனம் இல்லாதது. எனக்கு அதுதான் நிம்மதி. அலுமாரியைத் திறந்து எடுத்து வந்தேன்.

"வேண்டாம்" என்றாள் மனைவி. "அது உங்கட கொப்பி. நான் சீலையைக் கிழிக்கிறன்."

"சீலையில கழுதை நிக்காது" என்றேன்.

முதல் தாளை நானே கிழித்துக் கொடுத்தேன். பிள்ளை அதை வாங்கி, மடித்து, நகத்தால் அழுத்தினாள். ஒரு தரம் போக, ஒரு தரம் வர. முதுகில் வாடைக்காற்றும் பிந்திய ரயிலும் எழுதிய கழுதை எழுந்து நின்றது. நானா தொழுகை முடிந்து வந்து கடையைத் திறக்கும்வரை பதினேழு தாள் போயின; கொப்பித் தாள் சிறியது, ஒன்றுக்கு ஒரு கழுதைதான். அதுவரை அன்றைய கணக்கு எழுபத்தொன்று. அவள் கை ஒரு தரமும் முகத்தைத் தொடவில்லை.

பதினைந்தாம் நாள் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் சூடேறிய தண்ணீரைத் தலைக்கு வார்த்தாள் மனைவி. பிள்ளையை முற்றத்து வெளிச்சத்தில் நிறுத்தி, இருவரும் குனிந்து பார்த்தோம். பொருக்கெல்லாம் தானாக உதிர்ந்திருந்தது. முகத்தில் நின்றவை இரண்டே இரண்டு குழி. இரண்டும் இடது புருவத்தில். இரண்டும் நான் கட்டிய கட்டால் வந்தவை. மூக்கு நுனி சுத்தம். கடதாசியில் கைவைத்த பிறகு ஒன்றுகூட விழவில்லை.

"எத்தினை அப்பா?"

"ரெண்டு, மகள்."

"கழுதை எத்தினை?"

"நானூற்றுப் பன்னிரண்டு."

மூன்று கால் கழுதையைச் சேர்த்துத்தான். நோய் தொட்டதெல்லாம் எரிக்க வேண்டும் என்பது அப்போதிக்கரியின் உத்தரவு. இதில் மாமிக்கும் அவருக்கும் பேதம் இல்லை. முற்றத்தில் குவித்துக் கொளுத்தினோம், முடி போட்டவையும் என் கொப்பித் தாள்களும் சேர. பிள்ளை அழுவாள் என்று நான் பயந்தேன். அவள் சொன்னாள்: "என்ர கடியெல்லாம் போகுது, பாருங்கோ."

அன்று பின்னேரம் மனைவியிடம், உமக்கு இந்தக் கடதாசி வித்தையெல்லாம் யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "ஆரும் இல்லை. பிள்ளை அழுற நேரம் கை தானாச் செய்தது" என்றாள். சோதனை பாஸ் பண்ணிய நான் கட்டத்தான் யோசித்தேன். அவள் அவிழ்த்துவிட்டு யோசித்தாள். இத்தனை வருடத்தில் என் பேரப்பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த விளையாட்டுச் சாமான் எத்தனை என்று என்னிடம் கணக்கு உண்டு. ஒன்றுகூட ஒரு பிள்ளையை ஒரு மத்தியானம் முழுக்க அந்தக் கடதாசி இருத்தியதுபோல் இருத்தவில்லை.

அடுத்த கிழமை நானா வேலியடிக்கு வந்தார். இந்த முறை தள்ளி நிற்கவில்லை. அவருடைய கடைசி மகளுக்குப் போட்டிருந்தது. ஐந்து வயது.

"கிளாக்கர், உங்கட வீட்டம்மாவை ஒருக்கா அனுப்புவீங்களா. கை நிக்குதில்ல அவளுக்கு."

மனைவி வேலைகளை விட்டுவிட்டு எழும்புமுன் என் மகள் எழுந்துவிட்டாள். ஒருமுறை போட்டவருக்குத் திரும்பப் போடாது என்று அப்போதிக்கரி சொன்னதை அவள் கேட்டு வைத்திருந்தாள். உடம்பு தேறி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. போகவேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் மூடினேன்.

நானா வீட்டில் எங்கள் மாமியின் கட்டளை இல்லை. கத்தரிக்கோல் தாராளமாக இருந்தது. நானாவின் மனைவி அதைக் கொண்டுவந்து கொடுத்தாராம். "வேண்டாம் மாமி, வெட்டினால் கழுதைக்கு மயிர் வராது" என்று என் மகள் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். பிறகு பாயில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு, ஒரு தாளை மடித்து, அவள் கையைப் பிடித்து நகத்தை மடிப்பின்மேல் வைத்திருக்கிறாள்.

நான் வேலியடியில் நின்றேன். உள்ளே இரண்டு பிள்ளைகளின் குரல் கேட்டது.

"கடிக்குது."

"எங்கை?"

"கன்னத்துல."

"அப்ப கிழி. கெதியாக் கிழி. நான் எண்ணுறன்."