அணிலுக்குக் கம்பிவலை

எழுபதுகளின் பிற்பகுதியில் ஹைதராபாத்தில், பாலாநகருக்கு அப்பால், ஓர் அரசுத் தொழிற்சாலையின் ஊழியர் குடியிருப்பில் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம். சமையலறைப் பரணுக்கு மேலே, சுவரில் ஒரு வென்டிலேட்டர். அதாவது, மூடுவதற்குக் கதவில்லாத ஒரு செவ்வகம். மரத்திலிருந்து அதற்கு ஒரே தாவல். முற்றத்தில் காய்ந்த கூழ்வடகத்தை அணில்கள் தின்றன, பொறுத்துக்கொண்டோம். பிறகு பரணில் சுருட்டி வைத்திருந்த இலவம்பஞ்சு மெத்தையைப் பிய்க்கத் தொடங்கின. விருந்தாளிகளுக்கான மெத்தை. ஆறே மாதத்தில், அது மெத்தைதான் என்று விருந்தாளிகளிடம் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று.

மிளகாய்த்தூள் தூவினேன், நாங்கள்தான் தும்மினோம். அட்டை வைத்து அடைத்தேன். அட்டையைக் கிழித்து அணில் கூட்டுக்கு எடுத்துக்கொண்டது. அடிக்க வீட்டில் அனுமதி இல்லை, ராமர் தடவிக் கொடுத்த முதுகாம். இருபது வருஷ சர்வீஸில் என் முதுகை ஒருவரும் தடவியதில்லையே என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க எந்தப் பாலத்தக் கட்டினிய?" என்றாள். திருநெல்வேலிக்காரி.

கடைசியில் பராமரிப்பு அலுவலகத்தில் போய்ப் புகார்ப் புத்தகத்தைத் திறந்தேன். தச்சு, குழாய், மின்சாரம், கட்டடம் என்று நான்கு பிரிவுகள். அணில் எதிலும் அடங்கவில்லை. தச்சு என்று போடச் சொன்னார் குமாஸ்தா. அணில் மரத்தில் வாழும் பிராணி என்பது அவருடைய வாதம்.

ஐந்து வாரம் கழித்து, என் வார விடுமுறை நாளில், வயதான தச்சர் ஒருவர் சைக்கிளில் கம்பிவலைச் சுருளோடு வந்தார். வெளியே ஏணி போட்டு, இருபது நிமிஷம் ஆணி அடித்தார்.

"ஹவ் சாப், பக்கா காம். தஸ்கத்" என்று ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். வேலை திருப்திகரமாக முடிந்ததாக அச்சடித்திருந்தது. போட்டேன். தொழிற்சாலையில் நான் தரச்சோதனைப் பிரிவு. மயிரிழை பிசகினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்புகிறவன், அளக்காமல் கையெழுத்துப் போடாத சண்டாளன் என்று பெயரெடுத்தவன். வீட்டில் ஸ்டூல் ஏறிப் பார்க்கச் சோம்பல்.

தச்சர் போய்க் கால்மணி நேரம்கூட ஆகவில்லை, பரணில் கீச் கீச். வெளியே கொய்யாக் கிளையில் தாய் அணில் வாலைத் தூக்கித் தூக்கிக் கத்தியது.

"என்னங்க, உள்ள குட்டில்லா கிடக்கு!"

"எத்தனை?"

"ஏன், அளந்து பாக்கப் போறியளோ? ஏறிப் பாக்காமலா கையெழுத்துப் போட்டிய?"

ஏறிப் பார்த்தேன். பஞ்சுக்குள் மூன்று, கண் திறக்காதவை. கை பட்டால் தாய் சேர்க்காது என்றாள் மனைவி. உண்மையா என்று தெரியாது, வாதாடத் தெம்பில்லை. அலுவலகத்துக்கு ஓடினேன். புகார் முடிந்துவிட்டது, பொருத்தியதைக் கழற்றப் புதுப் புகார் எழுத வேண்டும் என்றார் குமாஸ்தா. நானே கழற்றினால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். இந்த முறை நான்கே வாரத்தில் ஆள் அனுப்ப முயல்வதாக ஆறுதல் சொன்னார்.

திரும்பி வந்தால் அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

"அது பால் குடுக்காம இங்க சோறு வேகாது" என்றாள் மனைவி.

ஏழு வயது மகள் என்னையே பார்த்தாள். "கைக்கு பயம்ப்பா? கட் பண்ணிடுங்க!" ஏன் என்பதை மட்டும் அவள் ஹைதராபாத் பாஷையில் 'கைக்கு' என்றுதான் கேட்பாள்.

கைக்கு என்று எனக்கும் தெரியவில்லை. ஸ்டூலில் ஏறி, கட்டிங் பிளேயரால் வலையின் ஒரு மூலையை வெட்டி மடக்கினேன். விரலும் கொஞ்சம் வெட்டுப்பட்டது. சர்வீஸில் நான் சேதப்படுத்திய முதல் அரசாங்கச் சொத்து.

ஆள் நடமாட்டம் இருந்தால் வராது என்று சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். வீட்டில் இருந்த தின்பண்டம் எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம். மணி இரண்டு, இரண்டரை. மூன்றுக்குக் கீச் கீச் நின்றுவிட்டது.

நின்றதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கதவைத் திறந்து எது என்று பார்க்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மனைவி என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள்தான் சொல்லாமல் கொள்ளாமல் பின்பக்கம் போய், துணி துவைக்கும் கல்லில் ஏறி எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"ஆகயி! ஆகயி! அம்மா, வந்துடுச்சு! வால் தெரியுது! மேல பாரு, உள்ள போயிடுச்சு!"

மனைவி எழுந்துபோய் ஓசைப்படாமல் கதவைத் திறந்தாள். பாத்திரம் உரசாமல் உலை வைத்தாள்.

"குட்டி கண்ணு முழிக்கட்டும். பொறவு அடச்சுக்கிடலாம்."

"எப்ப முழிக்கும்?"

"முழிக்கும்போது முழிக்கும். மெதுவாப் பேசுங்க."