காலிப்பர் சத்தம்

திண்டிவனம் தியேட்டரில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடியது சிரிப்புப் படம். நாயகனுக்கும் என்னைப்போலவே போலியோ கால், அதைத் தாங்க இரும்புக் காலிப்பர். அவன் நடந்தால் அது கிரீச்சிடும், தியேட்டர் சிரிக்கும். எங்கள் வரிசை மட்டும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு என்னைப் பார்க்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சத்தம் படத்துல வருதுங்க! என்னை ஏன் பாத்துக்கினு இருக்கீங்க? சிரிங்க!" என்று கத்தினேன். மனைவி தொடையில் கிள்ளினாள்.

கடைசியில் நாயகன் காலியான கல்யாணப் பந்தலில் தனியாக நின்றான். தியேட்டரே மூச்சுவிடவில்லை. நான்தான் சும்மா இருக்கமாட்டாமல் காலை நகர்த்தினேன். கிரீச்.

யாரும் திரும்பவில்லை. பக்கத்து சீட்டு அம்மா திரையைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்தார். "பாவம், அந்தப் புள்ளைக்குக் கால் எப்டி நோவுதோ!"

மனைவி என் காதருகே குனிந்தாள். "அதுக்கு எண்ணெ போடுன்னு காலையிலயே சொன்னேனா இல்லியா?"