அக்கா எனக்குச் செய்த அன்பு

எங்கள் அருமை அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகின்ற இந்நாளில், அவரைப் பற்றி நினைவு மலருக்கு நல்ல வார்த்தைகளை எழுதும்படி உறவினர் பலரும் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நல்ல வார்த்தைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றோடு, இதுவரை ஒருவருக்கும் சொல்லாத ஒன்றையும் எழுத வேண்டியவளாயிருக்கிறேன்.

அக்கா உடுப்பிட்டியில் பிறந்தார். என்னைப் பெற்ற மூன்றாம் நாள் எங்கள் அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்று என்னை வளர்த்தார். எங்கள் தகப்பனாரான ஐயாவும் காலமான பின், கோப்பாயில் உபாத்தியாயராயிருந்த அத்தானைக் கைப்பிடித்தபோது, என்னையும் கூட்டிக்கொண்டே அந்த வீட்டுக்குப் போனார். மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே அழிந்தன. நாலாவதாக ரூத் பிறந்தாள்.

நான் அப்போது விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். வயது பதினாலு. கிறிஸ்து பிறந்த நத்தார் விடுமுறைக்குச் சில நாட்களுக்கு முன் விடுதியில் கக்குவானென்னும் குக்கல் இருமல் பரவியது. இருமுகிறவர்கள் வீட்டுக்குப் போகக் கூடாது, சிறு குழந்தைகளுக்குக் கிட்டவும் போகக் கூடாது என்று விடுதிப் பொறுப்பாளர் அம்மா எங்களை நிரையாக நிறுத்திச் சொன்னார். எனக்கும் இருமல் தொடங்கியிருந்தது. ஐந்து மாதமான ரூத்தை நான் ஒரே ஒரு தரம்தான் பார்த்திருந்தேன். வாயைத் துணியால் பொத்தி, இருமலை அடக்கி, மற்றப் பிள்ளைகளோடு வண்டியேறினேன்.

வீட்டு வாசற் படலையிலேயே அக்கா கேட்டார். "என்ன பிள்ளை, இருமுறாய்?"

"வெறும் சளித் தடிமன் அக்கா," என்றேன்.

அவர் நம்பினார். பிள்ளையை என் கையில் தந்தார்.

புதுவருடம் பிறந்து ஒரு கிழமைக்குள் ரூத் இருமத் தொடங்கினாள். இருமி இருமி முகம் நீலம் பாரிக்கும். பிறகு மூச்சை இழுக்கும்போது எழும் அந்தச் சத்தத்தை எழுத என்னால் முடியாது. அந்த நாட்களில்தான், குக்கல் இருமலோடு வீட்டுக்குப் போன பிள்ளைகளைப் பற்றி விடுதியிலிருந்து கடிதம் வந்தது. அக்கா குசினியில் நின்று அதை வாசித்தார். என்னைப் பார்த்தார். கடிதத்தை மடித்து அடுப்புக்குள் வைத்தார். என்ன கடிதமென்று அத்தான் கேட்டதற்கு, பள்ளிக்கூடம் பிந்தித் திறக்கிறதாம் என்றார். அக்கா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். தை மாதம் முடியுமுன் ரூத் இறந்துவிட்டாள்.

அதன்பின் அக்கா என்னை ஏசவில்லை. என் உடுப்பைத் தோய்த்தார், தலை வாரி இழுத்துவிட்டார், சோறு போட்டார். ஆனால் என் முகத்தைப் பார்த்து ஒன்றும் கதைக்கமாட்டார். சித்திரை விடுமுறையில் எனக்கு அது பொறுக்கமுடியாமற் போயிற்று. கிணற்றடியில் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு, என்னை அடியுங்கோ, அல்லது எங்கேயாவது அனுப்பிவிடுங்கோ என்று அழுதேன். அக்கா வாளியை வைத்துவிட்டு என்னோடு கதைத்தார்.

"எனக்கு உன்னிலை பாசம் வருகுதில்லை. பொய் சொல்லமாட்டன். பாசம் வந்தாப் பிறகு அன்பு செய் எண்டு கர்த்தர் சொல்லேல்லை. அவரைச் சிலுவையிலை அறைஞ்சவையிலை அவருக்குப் பாசம் வந்த பிறகே அன்பு செய்தவர்? நான் செய்வன். நீ வாங்கிக்கொண்டிரு."

அப்படியே செய்தார். பதினெட்டு வருடம் செய்தார். என்னை ஆசிரியையாகப் படிப்பித்தார். எனக்குச் சம்பந்தங்கள் பேசினார். பிள்ளை பெற எனக்குத் துணிவில்லையென்பதை அறிந்து, பிறகு வற்புறுத்தாமல் விட்டார். அவருக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. தேவாலயத்தில் அன்பைக் குறித்துப் பிரசங்கம் நடக்கும்போதெல்லாம், பக்கத்தில் இருந்த அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். அன்பு இனிமையானதென்று போதகர் சொல்லுவார். எங்கள் வீட்டில் அது இனிமையாயிருக்கவில்லை. ஒருவர் தினமும் காலையில் எழும்பிச் செய்து முடிக்கிற வேலையாயிருந்தது.

உலக யுத்தம் தொடங்கி அரிசி அருகிய காலத்தில் அக்காவைச் சயரோகம் பிடித்தது. கடைசி நான்கு மாதமும் நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஒரு நாள் கஞ்சி பருக்கும்போது, இத்தனை வருடமும் கேட்கப் பயந்ததைக் கேட்டேன். "அக்கா, பிறகெண்டாலும் என்னிலை பாசம் வந்ததோ?"

கஞ்சிக் கோப்பையைக் கையால் விலக்கினார்.

"சில நாள் வந்தது. சில நாள் போச்சுது. ரூத் பிறந்த நாளிலை ஒருக்காலும் வரேல்லை," என்றார். "அண்டைக்கும் உனக்குச் சோறு போட்டனான்."

மிச்சக் கஞ்சியை அவர் குடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு, ஆராதனை மணி அடிக்கும் நேரத்தில் உயிர் பிரிந்தது. சவச் சடங்கில் எல்லாரும், பெற்ற தாய்போல உன்னை நேசித்தாரே என்று என்னைத் தேற்றினார்கள். தாய்க்கு அது தானாக வரும். என் அக்காவுக்கு அது வரவில்லை என்பதையும், வராமலே செய்தார் என்பதையும் நான் யாரிடம் சொல்ல? அவர் மன்னித்தார் என்று அறிவேன். அந்த மன்னிப்புக்குள் போய் இளைப்பாற எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

இதை எழுதி முடித்ததும் முதலில் அத்தானிடம் கொடுத்தேன். அவர் முற்றத்தில் இருந்துகொண்டு இரண்டு தரம் வாசித்தார். ஒரு சொல்லையும் வெட்டவில்லை.

"அவா ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

"நீங்கள் என்னை வீட்டை விட்டு அனுப்பிப்போடுவியள் எண்டு பயந்திருப்பா."

"ஓம். அனுப்பியிருப்பன்," என்றார் அத்தான். பிறகு, "அச்சுக்குக் குடு," என்றார். மறுநாள் காலை கரவெட்டியிலுள்ள தன் தம்பியார் வீட்டுக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை.

அக்காவின் நோய்க் காலத்தில் கூப்பிட்ட நேரமெல்லாம் வந்து வைத்தியம் செய்த அப்போதிக்கரி ஐயாவுக்கும், தொற்று நோயென்று ஒதுங்காமல் தினமும் பால் கொண்டுவந்து தந்த அயல்வளவுச் சைவக் குடும்பத்தாருக்கும், ஜெபித்து அடக்கஞ்செய்த போதகருக்கும், பெட்டி சுமந்த சபையாருக்கும் எங்கள் நன்றி. இதை அச்சிடச் சம்மதித்த அத்தானுக்கு எந்த வார்த்தையால் நன்றி சொல்வதென்று அறியேன். இதை வாசிக்கின்ற நீங்கள் அவருக்காக ஜெபியுங்கள். எனக்காக ஜெபிக்கும்படி கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.