ரிலீவர் வரும்வரை டூ-வாப்

நைட் ஷிஃப்ட் முடித்த பகலில் தூக்கம் வருவதற்காக போனில் மழைச் சத்தம் தேடினேன். மழை ஓய்ந்ததும் போன் தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டைப் போட்டது. அறுபது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கப் பெண்கள் நான்கு பேர். ஒருத்தி காதலன் வரவில்லையே என்று உருகுகிறாள். மற்ற மூவரும் பின்னால் "டூ-வாப், டூ-வாப்" என்கிறார்கள். இரண்டரை நிமிஷம்தான். அன்று தூக்கம் போனது.

அதன்பிறகு மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கத்தில் நின்று நானும் டூ-வாப் சொல்லிப் பார்த்தேன். பெல்ட் நின்றுவிடவில்லை, என் குரலுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

இந்தப் பாட்டு ஏன் இன்னும் பழசாகவில்லை என்று யோசித்திருக்கிறேன். காதலன் பழசாகிவிட்டான், அவன் ஓட்டிய கார் பழசாகிவிட்டது. அர்த்தமே இல்லாத டூ-வாப்பில் பழசாவதற்கு என்ன இருக்கிறது?

"இன்னாங்க இது, வயித்துவலி வந்தவங்க மாதிரி?" என்றுதான் என் மனைவி முதலில் கேட்டாள். டவுன்ஷிப் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டர் அவள். இரண்டு மாதத்தில் குழம்பைக் கிளறிக்கொண்டே அதை முணுமுணுத்தாள். பணி ஓய்வு நெருங்கியபோது அறிவித்தாள்: "மாலையப் போட்டுக்கினு மேடையில எல்லாரும் அழுவறாங்க. நான் அழுவமாட்டேன். பாடப்போறேன்."

அவளோடு ஷிஃப்ட் பார்த்த மூன்று பெண்கள் பின்குரல். எங்கள் குவார்ட்டர்ஸ் பலாமரத்தடியில் ஒத்திகை. ஒருத்தி முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள். தமிழ் வரிகள் என் கைங்கரியம். காதலன் வரவில்லை என்பதை, 'ரிலீவர் வரலையே' என்று மாற்றினேன். அடுத்த ஷிஃப்ட்டுக்கு வந்து நம்மை விடுவிக்கிற ரிலீவர் வராமல் இங்கே யாரும் இடத்தைவிட்டு நகர்வதில்லை. அந்த ஏக்கத்துக்கு முன் காதல் எம்மாத்திரம்?

விழாவில் முதல் சரணம் ஜோராகப் போனது. இரண்டாவதில் 'ரிலீவர் வரலையே' என்று ஆரம்பித்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். நாளை முதல் அவளுக்கு ரிலீவரே தேவையில்லை. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. பின்னால் மூவரும் டூ-வாப்பை விடவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். காப்பாற்றலாம் என்று பாய்ந்தெழுந்த நான் மைக் ஒயரில் கால் மாட்டி அதையும் பிடுங்கிவிட்டேன்.

மைக் போனதும் மூவரும் இன்னும் உரக்கப் பாடினார்கள். பொன்னாடை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் அவர்களோடு சேர்ந்தாள். பாட்டு முடிந்தது.

"அவ நின்னப்பவே நீங்களும் நிறுத்தியிருக்கலாமே?" என்று பிறகு கேட்டேன்.

"ஆளு வராம எப்டிண்ணே வுட்டுட்டு எறங்கறது?" என்றாள் முத்தாண்டிக்குப்பத்துக்காரி. "நாங்க ஓட்டிக்கினுதான் இருந்தோம். மோட்டார ட்ரிப் ஆக்கி நிறுத்துனது நீங்க."

ஸ்கூட்டரில் வீடு திரும்பும்போது பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "நான் அழுவல தானே?"

பொன்னாடை முனை நனைந்திருந்ததை நான் பார்த்திருந்தேன்.

"டூ-வாப்" என்றேன்.