இடது காது அக்காவுக்கு

சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பாதியில் சிரித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும், மீதியைச் சொல்ல மாட்டேன். பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தாலே எரிச்சல்படுகிற ஆள் நான். மலேசியாவில், பாசிர் கூடாங்கில் எங்கள் தொழிற்சாலையில் ஒருமுறை லைனில் நின்ற பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி அலறிக்கொண்டு கீழே விழுந்தார்கள். கழிவறையில் எதையோ பார்த்துவிட்டார்களாம். சூப்பர்வைசர் மந்திரிக்கிறவரைக் கூட்டிவர ஓடினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "காலையில பசியாறாம வந்தா இப்படித்தான் விழுவீங்க" என்று சத்தம் போட்டு, ஆளுக்கொரு தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த ரேவதிதான் இப்போது உங்களிடம் இதைச் சொல்கிறேன்.

மாரியாயி அக்காவும் நானும் ஒரே லைன், ஒரே கம்பெனி பஸ், ஒரே சீட்டு. பஸ்ஸில் யாருக்கு எந்த இடம் என்று எழுதி வைக்கவில்லை, ஆனால் மாற்றி உட்கார்ந்து பாருங்கள், சண்டை வரும். அக்காவுக்குச் சன்னலோரம். நான் அவருக்கு வலப்பக்கம், நடைபாதை ஓரம். கேமரா இருக்கிற போனைக் கம்பெனிக்குள் விட மாட்டார்கள் என்பதால் என்னிடம் ஒரு சின்ன எம்பி-திரீ பிளேயர் இருந்தது. ஒரு இயர்போன், இரண்டு காது. இடது பக்கக் கம்பி அக்காவுக்கு, வலது எனக்கு. வருஷக்கணக்கில் இப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தோம். பாட்டு மாற்றுகிற உரிமை மட்டும் அக்காவுடையது. சோகப் பாட்டு வந்தால் இரண்டு வரி தாங்க மாட்டார். "அழுவாச்சிப் பாட்டெல்லாம் எவன்டி கேப்பான்" என்று என் மடியில் இருக்கும் பிளேயரில் டக்கென்று அடுத்த பாட்டுக்கு அழுத்திவிடுவார்.

சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், விமானமே ஏறியதில்லை. அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. தமிழ்நாட்டுக்குப் போய், ராமேஸ்வரம் போகிற ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து, காதில் பாட்டு ஓட, கடலைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான். இரண்டு பேரும் சேர்ந்து லீவுக்குச் சொல்லி வைத்தோம், பாஸ்போர்ட் எடுத்தோம். அந்த நேரம் பார்த்து என் பிளேயர் செத்துப்போனது.

"போன்லயே கேட்டுக்கலாம் அக்கா" என்றேன்.

"போன் வேணாம்லா. நடுவுல எவனாச்சும் கூப்புடுவான். அழுத்துறதுக்குப் பெரிய பட்டன் இருக்கணும், கண்ணை மூடிக்கிட்டே அழுத்துவேன். இயர்போன் சொருகுற ஓட்டை இருக்கணும். நான் வராம நீ பாட்டுக்குக் கடைக்குப் போயி வாங்கிறாதே, சொல்லிட்டேன்."

கடைக்குப் போகலாம் என்று வைத்திருந்த வாரத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கி. முதலில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார், பிறகு படுத்தார், பிறகு ரத்த அழுத்தம் இறங்கி நினைவு தப்பிவிட்டது. ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, வாயில் குழாய் போட்டுவிட்டார்கள். நான் போனபோது அவருடைய மகள் ஷாலினி வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆன்ட்டி, இன்னிக்கும் நாளைக்கும் தாண்டணும்னு டாக்டர் சொல்றாரு" என்று அழுதாள். "பழகுன குரல், புடிச்ச பாட்டு ஏதாச்சும் காதுல விழட்டும்னு நர்ஸ் சொன்னாங்க. ஆனா போன் உள்ள வேணாமாம்."

எனக்கு அழத் தோன்றவில்லை, ஓடத் தோன்றியது. பார்வையாளர் நேரம் சாயங்காலம்தான், நடுவில் நேரம் இருந்தது. "இங்கேயே இரு, வந்துர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எங்கே போகிறேன் என்று அவளிடம்கூடச் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து மாலில், கீழ்த்தளத்தில், ஒரு சீன முதலாளியின், நாங்கள் டவுக்கே என்போம், எலெக்ட்ரானிக் கடை. நல்ல பகல், வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடையில் டவுக்கேயும் நானும் மட்டும்தான். இருக்கிற பிளேயரையெல்லாம் எடுத்துக் கண்ணாடி அலமாரிமேல் வைக்கச் சொன்னேன். செத்த பிளேயரின் மெமரி கார்டு பையில் இருந்தது. முதலில் வெள்ளி நிறத்தில் ஒன்று, அதில் கார்டைப் போட்டேன். அடடா, என்ன சத்தம், மேளம் நெஞ்சுக்குள் வந்து அடித்தது! பழக்கதோஷம், வலது கம்பியை மட்டும் என் காதில் வைத்துவிட்டு இடதை அப்படியே தொங்கவிட்டிருந்தேன். இரண்டாவது பாட்டு சோகப் பாட்டு. இரண்டு வரி ஓடியது. டக்கென்று தானாக அடுத்த பாட்டுக்குப் போய்விட்டது.

என் கை பிளேயர் பக்கமே போகவில்லை. டவுக்கே, கார்டு பழசு, அதனால்தான் என்றார். சரிதான் என்று அடுத்ததை எடுத்தேன். அது தொடுதிரை, பட்டனே கிடையாது. அதிலும் அதே சோகப் பாட்டு, அதே இரண்டு வரி, டக். மூன்றாவது நீல நிறம், பட்டனெல்லாம் பெரிது பெரிதாக இருந்தது. வேண்டுமென்றே நானே தேடிப்பிடித்து வேறொரு சோகப் பாட்டைப் போட்டேன். இரண்டு வரி. டக்!

குனிந்து பார்க்கிறேன், இடது கம்பி தொங்கவில்லை. நம்புவீர்களோ மாட்டீர்களோ, அது என் மார்பிலிருந்து இடப்பக்கமாக விறைப்பாக நீண்டு நின்றது. பஸ்ஸில் அக்கா சன்னல் பக்கம் சாயும்போது எப்படி இழுபடுமோ அப்படியே. பயமா? பயமே இல்லைங்க, சந்தோஷம், தாங்க முடியாத சந்தோஷம்! கடை நடுவில் நின்று சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. "அக்கா, வந்துட்டீங்களா? சொன்ன மாதிரியே கடைக்கு வந்துட்டீங்களா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

டவுக்கே என்னைப் பார்க்கவில்லை. எனக்கு வலப்பக்கம் எதையோ பார்த்து முகத்தைச் சுளித்தார். "அலமாக்! உன் கூட்டாளியைக் கண்ணாடியைத் தொட வேண்டாம்னு சொல்லு, கை ஈரம்" என்று மலாயில் அதட்டிவிட்டு, துணியை எடுத்துத் துடைத்தார். அலமாரிக் கண்ணாடியில் ஐந்து விரலும் பதிந்த ஈரக் கை. அட, அதுவும் அக்காவுடைய கைதான் என்று எனக்கு இன்னும் குஷியாகிவிட்டது.

நீலத்தையே வாங்கியிருக்கலாம். ஆனால் கடைசியாகச் சிவப்பு ஒன்று காட்டினார், சட்டைக் காலரில் மாட்டிக்கொள்ளக் கிளிப்பெல்லாம் வைத்தது, பார்த்தவுடன் மனசு போய்விட்டது. பட்டன்தான் புளியங்கொட்டை அளவு. சிவப்பைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இடது கம்பி சுரீர் சுரீரென்று இழுத்து, என் காதிலிருந்ததே கழன்று விழுந்தது. எனக்கு வீம்பு. "படுத்துக்கிட்டே நாட்டாமை பண்றீங்களா? எனக்கு இதுதான் புடிச்சிருக்கு" என்று சிவப்பையே வாங்கிக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் அக்கா அசைவில்லாமல் கிடந்தார். இடது கம்பியை அவர் காதில் வைத்தேன், வலதை என் காதில். பாட்டு ஓடியது. ஒன்றும் இல்லை. கடையில் இருந்த அந்தத் துடிப்பு எதுவுமே இல்லை, கம்பி சும்மா கம்பியாகக் கிடந்தது. ஷாலினி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஐயோ அக்கா கடையிலேயே நின்றுவிட்டாரோ என்று நினைத்தேன். அப்போது அந்தச் சோகப் பாட்டு வந்தது. ஒரு வரி. இரண்டு வரி. போர்வைமேல் கிடந்த அக்காவின் கட்டைவிரல் ஒருமுறை கீழே அழுந்தியது.

"நர்ஸ்!" என்று நான் போட்ட சத்தத்தில் என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். அனுப்பட்டுமே! ஷாலினியும் நானும் வராந்தாவில் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம்.

அந்த வாரக் கடைசியில் குழாயை எடுத்தார்கள். அக்காவுக்குக் குரல் சரியாக வரவில்லை, காற்றுதான் வந்தது. என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "சிவப்பு."

"என்னக்கா?"

"நீலத்துல பட்டன் எவ்ளோ பெருசு. இழுத்து இழுத்துப் பாத்தேன்ல. புளியங்கொட்டையப் போயி வாங்கியிருக்கியே, புத்தி கெட்டவளே."

பிளேயர் என் பைக்குள் இருந்தது. கடையில் நீலம் ஒன்று இருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஷாலினிக்குத் தெரியாது, என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. எனக்கு மயிர்க்கால் எல்லாம் நின்றுவிட்டது, ஆனாலும் ஆனந்தம்தான். "பாத்தீங்களா, நீங்கதான்! எனக்குத் தெரியும்! கண்ணாடியில ஈரக் கைய வச்சு டவுக்கேகிட்டத் திட்டு வேற வாங்குனீங்க" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"என் கை எதுக்கு ஈரமா இருக்கப்போவுது? நான் ஒன் எடது பக்கம்ல நின்னேன். அது அந்தப் புள்ள."

"எந்தப் புள்ள?"

"ஒனக்கு வலது பக்கம் நின்னுச்சே. முடியெல்லாம் தண்ணி சொட்டச் சொட்ட. என் காதுல இருந்ததையே பாத்துக்கிட்டு, 'அக்கா, அத எனக்குக் குடுங்க, குடுத்துட்டு வாங்க, போலாம்'னு நச்சரிச்சுக்கிட்டே இருந்துச்சு. எத்தன வருஷமா பஸ்ல நான் வச்சிருக்கிற காது, நான் எதுக்குக் குடுக்கணும்? வேணும்னா நீ ஒண்ணு வாங்கிக்கன்னு சொல்லிட்டேன்."

அன்றைக்கு அக்கா, 'போனால் போகிறது' என்று அந்த இயர்போனைக் கொடுத்திருந்தால்? அதை நான் யோசிக்கவே மாட்டேன்.

அந்தப் பெண் யார், எந்தத் தண்ணீரிலிருந்து வந்தாள், எனக்குத் தெரியாது. டவுக்கேயிடம் போய்க் கேட்டேன். ஒரு பெண் என்றார், ஈரத் தலை என்றார், நீ வெளியே போனதும் பின்னாலேயே போனாளே என்றார். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.

அக்கா இப்போது கல்லுக்குண்டு மாதிரி வேலைக்கு வருகிறார். அடுத்த மாதம் கிளம்புகிறோம். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி தினமும் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் விமானத்தில் இடம் எடுத்து அக்காவிடம் காட்டினேன். மூன்று மூன்று இருக்கையாக இருக்கிற வரிசை. சன்னலோரம் அக்கா, நடுவில் நான்.

"ஒன் வலது பக்கம் யாரு?" என்று கேட்டார்.

"இன்னும் யாரும் எடுக்கலக்கா. காலியாத்தான் இருக்கு."

அக்கா அந்த இருக்கைப் படத்தில் காலியாக இருந்த கட்டத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு என் காதிலிருந்த இயர்போனைத் தன் விரலால் இன்னும் கொஞ்சம் உள்ளே அழுத்திவிட்டார். "இத மட்டும் எப்பவும் கழட்டாத. அந்தப் புள்ளைக்கு என்கிட்ட கேட்டுக் கெடைக்கல. இனி ஒன்கிட்டதான் கேப்பா."

அக்கா சும்மா சொல்கிறார் என்று உங்களைப் போலத்தான் நானும் சிரித்தேன். மறுநாள் காலை பஸ் ஏறினோம், பாட்டு போட்டோம், அக்கா சன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவருடைய இடது கம்பி தளர்ந்து என் மடியில் கிடந்தது. என் வலது கம்பியை யாரோ மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி, நடைபாதைப் பக்கம் இழுத்தார்கள்.