இடப்பக்கத்தில் மூன்றடி

பண்டாரவளையில் பதினொரு வருடம் இருந்தேன். வேலைக்காக இருக்கிறேன் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். முதல் ஒன்பது வருடத்துக்கு அது உண்மை. கடைசி இரண்டு வருடம் ஒரு காருக்காக இருந்தேன். இதை எழுதும்போது கை கூசத்தான் செய்கிறது. ஆனால் எழுதாமல் வைத்திருந்தும் ஒன்றும் ஆகவில்லை.

அது ஒரு பழைய ரோட்ஸ்டர். கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய, கரும்பச்சை நிறத்து இங்கிலாந்துக் கார். மழை வந்தால் இழுத்து மாட்ட ஒரு கன்வஸ் ஹூட் உண்டு. மாட்டி முடிப்பதற்குள் பெரும்பாலும் மழை விட்டுவிடும். ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவின் பின்கொட்டிலில் அது கிடந்தது. நான் முதலில் பார்த்தபோது ஆசனத்தில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதை வாங்கி, ஊருக்குப் போகாத சனி ஞாயிறெல்லாம் நான்கு வருடம் அதன் அடியில் மல்லாந்து கிடந்து, ஓட வைத்தேன். மலையின் காலைக் குளிரில் அந்த எஞ்சின் அவ்வளவு சுத்தமாக ஓடும். எல்ல என்ற ஊர்ப் பக்கம் வளைவுகளில் இறங்கும்போது பனி முகத்தில் அடிக்கும், காது உறையும், மூக்கு ஒழுகும். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. அதைவிடச் சந்தோஷமாக நான் எங்கேயும் இருந்ததில்லை, என் வீட்டில்கூட. குற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

வீடு என்று சொல்கிறேன். எங்கள் கரையில் பெண் கல்யாணம் முடித்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவான். வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது, அவளுக்குப் பிறகு அவள் மகளுக்கு. நானும் ஒரு சூட்கேசோடு அப்படித்தான் கல்முனைக்குப் போய்ச் சேர்ந்தேன். சுனாமியில் கடல் வந்துபோன பிறகு அவளுடைய வாப்பா கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டிக் கொடுத்த வீடு. எவ்வளவு தள்ளினாலும் உப்புக்காற்று தள்ளியிருக்காது. யன்னல் கம்பி, கேற் பிணைச்சல், சைக்கிள் செயின், எல்லாம் அங்கே வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய சாமான்கள்.

அவளால் மலைக்கு வரவும் முடியாது. அவளுக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். ஒரு டிசம்பர் விடுமுறைக்கு மகளோடு வந்தவள் மூன்றாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் குந்தியிருந்தாள். அன்றே கூட்டிக்கொண்டு இறங்கினேன். மொணராகலை தாண்டிச் சூடு ஏறியதும்தான் அவளுக்குப் பேச்சு வந்தது. அந்தக் குளிர் அவளுக்கு ஆகாது, அந்தக் கடல் என் காருக்கு ஆகாது. நடுவில் நான் பதினைந்து நாளைக்கு ஒருமுறை பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

காரை அவள் சக்களத்தி என்றுதான் சொல்வாள். தொலைபேசியில் முதல் கேள்வியே அதுதான்.

“மேல இரிக்கிறவ எப்பிடி, சுகமா?”

“சுகம். கொஞ்சம் எண்ணெய் ஒழுகுது.”

“எங்களுக்கு ஒழுகினா ஆரும் பாக்கிறல்ல.”

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நானும் சிரிப்பேன்.

ஒரே ஒருமுறை அவள் அதில் ஏறினாள். ஒரு நோன்புப் பெருநாளுக்குக் காரை ஊருக்கு ஓட்டி வந்திருந்தேன். மறுநாள் அவளை ஏற்றிக்கொண்டு அக்கரைப்பற்றுவரை போனேன். முக்காட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரோட்டோரத்தில் நின்று வாய் பார்த்தவர்களுக்கெல்லாம் ஸலாம் சொல்லிக்கொண்டு வந்தாள். பிரச்சினை திரும்பி வந்தபோதுதான். வீட்டுக்குப் போகும் எங்கள் ஒழுங்கை ஒடுக்கம். மதிலை ஒட்டிக் காரை விட்டதில் இடப்பக்கக் கதவு ஒரு கை அகலத்துக்குமேல் திறக்கவில்லை. அவள் அபாயாவைச் சுருட்டிக்கொண்டு, கியர் தண்டுக்குமேலால் என் ஆசனத்துக்கு ஏறி, என் பக்கக் கதவால் இறங்கினாள். பாதியில் மாட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் மதிலுக்குமேலால் பார்த்தார்கள்.

“இனி எனக்கு இறங்க இடம் வெச்சிட்டு நிப்பாட்டுங்க” என்றாள்.

நான்காம் நாள் காலையில் பின்சில்லுக்கு மேலே பெயின்ற்றுக்கு அடியில் பொட்டுப் பொட்டாகக் கிளம்பியிருந்தது, வேர்க்குரு போல. நகத்தால் சுரண்டினேன், உள்ளே செம்மண்ணாக உதிர்ந்தது. இன்னும் இரண்டு நாள் நிற்பதாகச் சொன்னவன் அன்றைக்கே காரை மலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டேன். பிறகு அதை ஊருக்குக் கொண்டுவரவே இல்லை.

அதே வருடம் அவள் கேட்டாள். மகள் படிக்கப் போய்விட்டாள், வீட்டில் தனியாக இருக்க ஒருமாதிரி இருக்கிறது, முட்டு வரும்போது மருந்து எடுத்துத் தரக்கூட ஆளில்லை, இடமாற்றம் கேளுங்களேன் என்று. கேட்டேன். மூன்று மாதத்தில் கிடைத்தது. கல்முனை அலுவலகம், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காரைப் பார்க்கப் போனேன். அதை விற்க மனமில்லை. மலையில் யாரிடமும் விட்டுவைக்கவும் மனமில்லை. கடற்கரையில் இரண்டு வருடத்தில் அது தகரத் தூளாகிவிடும் என்று எனக்குத் தெரியும். ஒரு கிழமை யோசித்தேன் என்று எழுத ஆசைதான். ஒரு இரவு மட்டுமே யோசித்தேன். மறுநாள் காலையில், சொந்தக் காரணங்களால் இடமாற்றத்தை இரத்துச் செய்யும்படி எழுதிக் கொடுத்தேன்.

அவளிடம், “கிடைக்கல்ல. இன்னும் ரெண்டு வருசம் பொறுக்கட்டாம்” என்றேன்.

“அல்லாஹ் நாடல்ல போல” என்றாள். அதற்கும் நான் ஓம் என்றேன். என் திருட்டுத்தனத்தை அல்லாஹ்வின் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டு வருடம் ஓடிற்று. ஒருநாள் தொலைபேசியில் வழக்கமான பேச்செல்லாம் முடிந்த பிறகு கேட்டாள்.

“அந்தக் காரு எத்தின அடி அகலம்?”

“என்னத்துக்கு?”

“சும்மாதான் கேக்கன். சொல்லுங்களன்.”

“அஞ்சடி.”

“நீளம்?”

“பதிமூணு.”

“காத்துப் படாம மூடி வெச்சா அதுக்கு ஒண்டும் ஆகாதா?”

“காத்துப் படாட்டி என்னை விடக் கூட நாள் இரிக்கும்.”

“அப்ப சரி” என்றாள்.

சக்களத்திக்குக் கபுறுக்குழி வெட்டப்போகிறாளாக்கும் என்று நினைத்து எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவளோடு பேசும்போதெல்லாம் பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. கேட்டால், பின்மதில் கட்டுகிறோம் என்றாள். கச்சான் வீசுகிற காலம். மேற்கிலிருந்து வரும் அந்தச் சூட்டுக்காற்றில் ஊரே தூசாகக் கிடக்கும். பேச்சுக்கு நடுவில் இருமினாள்.

“முட்டு இரிக்கா?”

“சீமெந்துத் தூசிதான். மருந்து இழுத்தன். மாரி மழைக்கு முந்தி ஓடு போட்டிரணும், நீங்க இந்தக் கிழம வாறதானே?”

வருவதாகத்தான் இருந்தேன். ஆனால் ஏழு மாதமாக நான் தேடிய காபரேற்றர் அந்த வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தது. அடுத்த கிழமை வருகிறேன் என்றேன். ஓம் என்றாள். ஒரு சொல் குறைசொல்லவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காபரேற்றரைப் பூட்டி முடித்து, எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் தொலைபேசி அடித்தது காதில் விழவில்லை. நான்காம் முறைதான் எடுத்தேன். அவளுடைய தம்பி.

“மச்சான், ராத்தா மௌத்தாயிட்டா. விடிய சுபஹோட முட்டு இழுத்திரிக்கி. பக்கத்து வீட்டாக்கள் ஆசுபத்திரிக்குக் கொண்டு போகக்குள்ள முடிஞ்சிட்டு.”

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

“அசரோட அடக்குறம். அதுக்குமேல வெச்சிரிக்க ஏலா. கெதியா வாங்க.”

பஸ்ஸில் போனால் பின்னேரத்து அசர் தொழுகைக்குப் போய்ச்சேர முடியாது. கையில் கிறீஸோடு அப்படியே காரில் ஏறினேன். ஹூட்டைக் கழற்றி அறைக்குள் வைத்திருந்தேன், எடுக்க நிற்கவில்லை. எல்லவில் மழை பிடித்துக்கொண்டது. வெல்லவாயவரை நனைந்துகொண்டே ஓட்டினேன். புத்தல தாண்டி வெயில் அடித்தது. சியம்பலாண்டுவக்கு வரும்போது சட்டை உடம்பிலேயே காய்ந்து விறைத்திருந்தது. அம்பாறையில் தண்ணீர் கொதித்துக் கார் நின்றுவிட்டது. அரைமணித்தியாலம் றேடியேற்றர் ஆறும்வரை ரோட்டோரத்தில் குந்தியிருந்தேன். அழுகை வரவில்லை. காரை உதைத்தேன், கால்தான் வலித்தது. மாவடிப்பள்ளியில் ரோட்டின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். ஓரமாக உருட்டிக்கொண்டு போனபோது நெல் கிண்டிக்கொண்டிருந்த ஒருவர் காரைப் பார்த்து ஆசையாகக் கையசைத்தார். நானும் கையசைத்தேன். பழக்கம் அப்படி.

இரண்டரைக்கு ஒழுங்கைக்குள் திரும்பினேன். பிளாஸ்ரிக் கதிரை போட்டு ஆட்கள் நிறைந்திருந்தார்கள். எங்கே காரை விடுவது என்று தடுமாறியபோது, எங்கள் பக்கத்து மேசன் ஓடிவந்தான்.

“பின்னுக்கு விடுங்க காக்கா, அங்க இடம் இரிக்கி.”

வீட்டைச் சுற்றிப் பின்னால் போனேன். அங்கே ஒரு புது அறை நின்றது. கடல் பக்கம் யன்னல் இல்லை, துவாரம்கூட இல்லை. பூசாத கல்லுச் சுவர், பலகைக் கதவு, ஓடு பாதி போட்டிருந்தது. மேசன் கதவை இரண்டு பக்கமும் திறந்துவிட்டான். கார் உள்ளே போய் நின்றது. சீமெந்து இன்னும் ஈரமாக மணத்தது. இறங்கி, எதையும் யோசிக்காமல், வீட்டுக்குள் நடந்தேன்.

குளிப்பாட்டி, கபன் துணியால் மூடி, முகத்தை மட்டும் எனக்காகத் திறந்து வைத்திருந்தார்கள். அவள் விரல்களைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அவை மூடியிருந்தன. மையவாடியில் மண் போட்டபோது என் கையில் கிறீஸ் இன்னும் இருந்தது. எத்தனை தரம் கழுவி ஒழுச் செய்தும் போகவில்லை.

மகள் மூன்றாம் நாள்தான் என்னோடு பேசினாள்.

“உம்மாக்குத் தெரியும் வாப்பா.”

“என்ன தெரியும்?”

“டிரான்ஸ்பர் கிடைச்சது. நீங்க விட்ட இடத்துக்கு வந்தவர்ர பொஞ்சாதி ஒரு தட்டு வட்டிலப்பம் செஞ்சிக்கொண்டு வந்தாவாம். உங்கட மாப்பிள எங்களுக்கு விட்டுத் தந்த இடம், அவருக்கு துஆச் செய்யிறம் எண்டு.”

“எப்ப?”

“நீங்க கிடைக்கல்ல எண்டு சொல்லி ரெண்டு கிழமைல.”

இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அவள் எனக்குச் சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், சக்களத்தியின் சுகம் விசாரித்தாள்.

“உம்மா ஏன் என்னட்டக் கேக்கல்ல?”

“நானும் கேட்டன். கேட்டா வெக்கப்படுவார், வெக்கப்பட்டா வரமாட்டார் எண்டா. காருக்கு வீடு கட்டினா காரோட ஆளும் வருவார் எண்டா.” மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “தூசிக்குள்ள நிக்காதீங்க எண்டு எத்தின தரம் சொன்னன் வாப்பா. மேசனுக்குத் தண்ணி ஊத்திக் குடுத்துக்கொண்டு, பக்கத்திலேயே நிண்டா.”

தூசியால்தான் போனாள் என்று டாக்டர் சொல்லவில்லை. ஊரும் சொல்லவில்லை. அல்லாஹ் குறித்த நேரம் என்றார்கள். நான்தான் சொல்கிறேன். எனக்காகக் கட்டிய சுவரின் தூசியைக் குடித்து அவள் போனாள். அந்த நேரம் மருந்தை எடுத்துக் கையில் கொடுக்க வேண்டியவன், மலையில் எஞ்சின் சத்தத்தை ரசித்துக்கொண்டிருந்தான்.

திரும்பவும் இடமாற்றத்துக்கு எழுதினேன். இந்த முறை ஒரு மாதத்தில் கிடைத்தது.

நாற்பதாம் நாள் கழிந்து மேசன் வந்து மிச்ச ஓட்டைப் போட்டான். காருக்கு வலப்பக்கம் சுவர் கிட்டவாக இருந்தது. இடப்பக்கம் வெறும் நிலம் அகலமாகக் கிடந்தது. காரை நடுவில் விடுகிறமாதிரிக் கட்டியிருக்கலாமே என்று, சும்மா பேச்சுக்குத்தான், அவனிடம் சொன்னேன்.

“நானும் அதத்தான் சொன்ன காக்கா. ராத்தா விடல்ல. அவர் இறங்குற பக்கம் ஒண்டரையடி போதும், இடப்பக்கம் மூணடி விடு எண்டா. கார்க் கதவ முழுசாத் திறந்து அவ இறங்கணுமாம்.”

அவன் ஏணியில் ஏறிப் போய்விட்டான். நான் காருக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அவள் போன பிறகு அன்றைக்குத்தான் அழுதேன்.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை இந்த வீட்டுக்கு வந்தார். வீடு இப்போது மகளுடையது. இருங்கள் வாப்பா என்றுதான் இரண்டு பேரும் சொன்னார்கள். ஆனால் புதிதாக முடித்த பிள்ளைகளின் வீட்டில் ஒரு கிழவன் முன்னறையில் இருமிக்கொண்டு கிடப்பது சரியில்லை. நான் பின்னறைக்கு மாறிக்கொண்டேன். சாப்பாடு அங்கேயே வரும்.

கார் அங்கேதான் நிற்கிறது. காற்றுப் படாத அறைதான், அவள் நன்றாகவே கட்டியிருக்கிறாள். பின்சில்லுக்கு மேலே இருந்த அந்த வேர்க்குருமட்டும் பெரிதாகிக்கொண்டே வருகிறது, நான் தொடுவதில்லை. என் கட்டில் இரண்டேமுக்கால் அடி. அந்த இடப்பக்கத்து மூன்றடியில் சரியாகப் பொருந்துகிறது. கட்டிலைப் போட்ட பிறகு அந்தக் கதவைத் திறக்க முடியாது. திறக்க வேண்டிய தேவையும் இல்லை.