மருந்து வரிசை எலிகள்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் பெரிய பெரிய படிப்புக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் வெள்ளை எலியைக் கடி வாங்காமல் ஒற்றைக் கையால் தூக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கோழி விற்றுக்கொண்டிருந்தவன், நாலாங்கிளாஸோடு நின்றவன். என்னைத் தாம்பரத்துக்குக் கூப்பிட்டு எலிக்கூண்டுகளுக்குப் பொறுப்பாக்கினார்கள் என்றால் சும்மாவா? எண்பதுகளின் கடைசி அது.

அந்த வருஷம்தான் என் சம்சாரத்துக்கு மண்டைக்குள் கட்டி. தலைவலி என்று தைலம் தடவிக்கொண்டே இருந்தாள். இரண்டு கையையும் தூக்க முடியாமல் போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கத்தி வைக்க முடியாத இடம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதே நேரம் ஆராய்ச்சிக்கூடத்தில் எங்கள் டாக்டரம்மா எலிகளின் மண்டையில் சின்னத் துளை போட்டு, கட்டியாக வளரும் அணுக்களை உள்ளே செலுத்தியிருந்தார். ஒரு வரிசைக்குப் புது மருந்து, இன்னொரு வரிசைக்கு வெறும் உப்புத்தண்ணீர். நான் தினமும் எடை போட்டு எழுத வேண்டும். கட்டி வளர்ந்தால் எலி தின்னாது, எடை இறங்கும். இறங்காமல் நின்றால் மருந்து பிடிக்கிறது என்று அர்த்தம். இதைச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

இரண்டு வரிசையிலும் எடை இறங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. கேழ்வரகுக் கூழில் வேர்க்கடலையை அரைத்துக் கலந்து, காலையில் எல்லோருக்கும் முன்னால் போய், மருந்து வரிசைக்கு மட்டும் ஊட்டினேன். எலி பிழைத்தால் அந்த மருந்து என் சம்சாரத்துக்கு வரும். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான். தின்ன மறுக்கிற எலியைத் தின்னவைக்க அங்கே வேறு எவனாலும் முடியாது.

எடை நின்றது. "உன் கை ராசிப்பா" என்றார் டாக்டரம்மா. வீட்டில் இவளிடம், "மருந்து வருது, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் எலிகளை அறுத்துப் பார்த்தார்கள். இரண்டு வரிசையிலும் கட்டி ஒரே அளவு. மருந்து வரிசை எலிகளின் வயிற்றில் மட்டும் கேழ்வரகு.

"யாருப்பா உன்னை ஊட்டச் சொன்னது?"

"மருந்து பலிச்சா என் சம்சாரத்துக்குக் குடுப்பீங்கன்னு மேடம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பலிச்சிருந்தாலும் மனுஷங்களுக்கு வர வருஷக்கணக்கா ஆகும். இதுகூடவா தெரியாது?"

எப்படித் தெரியும்? எடை போடக் கற்றுக்கொடுத்தவர் அதைச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இத்தனை மாத உழைப்பும் கெட்டது என்று அவர் அழுதார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று இன்றுவரை புரியவில்லை.

அனகாபுத்தூரில் வீட்டுக்குள் நுழைந்தபோது என் சம்சாரத்தின் தங்கை அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"காலைல காலைல எழுந்து ஓடுனது எலிக்கு ஊட்டவா?" என்றாள் அவள்.

"உனக்காகத்தான்டி."

"எனக்கு ஊட்ட என் தங்கச்சி பஸ் ஏறி வர்றா. நீ எலிக்கு ஊட்டிக்கினு இருந்தே. நல்லாக்கீதுய்யா."

தங்கை கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, ஒரு கரண்டி எடுத்து அவள் வாயருகில் கொண்டுபோனேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இன்று சொந்தமாகத் தீவன மில் வைத்திருக்கிறேன், நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். எவன் தயவும் இல்லாமல் வந்தவன். ஆனால் அவள் போகிற வரைக்கும் என் கையால் ஒரு வாய்கூட வாங்கவில்லை.